தில்லை நகரில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட ஆழ்கடல் மீன்

திருச்சி விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் அதிகாரி என் வண்டியிலிருந்த வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். திறக்கச் சொன்னார். காலி.

"காலிப் பெட்டிய யாரும்மா வெளிநாட்டுலேருந்து தூக்கிட்டு வருவாங்க?"

"திரும்பிப் போகும்போது இதுல ஒரு மீன் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க சார்."

"எங்கேருந்து வர்றீங்க?"

"நார்வே."

"நார்வேக்கு திருச்சியிலேருந்து மீனா?" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெட்டியைக் கொடுத்தனுப்பிய ஆள் மேல் அவ்வளவு கோபம் இல்லாமல் இருந்திருந்தால் எனக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

நார்வேயில் ஒரு துறைமுக ஊர் மியூசியத்தில் மீன்களை இனம் பிரிப்பது என் வேலை. அதிலும் ஆழ்கடல் தூண்டில் மீன்கள். வெயில் எட்டாத ஆழத்தில் வாழ்பவை. பெண் மீனின் நெற்றியிலிருந்து ஒரு கம்பு நீண்டிருக்கும். அதன் நுனியில் ஒளிவிடும் ஒரு குமிழும் அதிலிருந்து தொங்கும் இழைகளும் இருக்கும். அதை ஆட்டிக் காட்டி இரையை வாய்க்கு அருகில் வரவழைத்து விழுங்கிவிடும். இந்தக் குமிழும் இழையும் இனத்துக்கு இனம் மாறும். கல்யாண வீட்டில் பெண்கள் நெற்றிச்சுட்டியைப் பார்த்தே எந்தக் கடை நகை என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா, நாங்களும் அப்படித்தான் முதலில் நெற்றியைப் பார்ப்போம். பிறகு பல், எலும்பு, துடுப்பு. கடைசியில் டி.என்.ஏ.

என் மேலதிகாரிக்கு நான் வைத்திருக்கும் பெயர் துரை. தூண்டில் மீன் என்றால் உலகத்தில் எல்லோரும் அவரிடம்தான் கேட்பார்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நஸ்ரின் விஷயத்தில் அவர் செய்தது அநியாயம்.

நஸ்ரின் என்னோடு எம்.எஸ்சி. படித்தவள். இப்போது திருச்சியில் ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர். தூத்துக்குடியில் ஆழ்கடல் இறாலுக்குப் போன படகு கொட்டிய கழிவு மீன் குவியலில் கை விட்டு, தேங்காய் அளவில் கறுப்பாக ஒரு தூண்டில் மீனை எடுத்து வந்தாள். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். நெற்றிக் குமிழில் வேறு எந்த இனத்துக்கும் இல்லாத இரண்டு இழைகள் இருந்தன. டி.என்.ஏ.வையும் படிக்க வைத்து, இது புது இனம் என்று எழுதி, என் மூலமாகத் துரைக்கு அனுப்பினாள்.

அவர் இரண்டே வரியில் பதில் எழுதினார். இழைகள் என்று நீங்கள் சொல்வது வலையில் கிழிந்த தோல். உங்கள் டி.என்.ஏ.வில் வேறு மீன் கலந்திருக்கிறது, ஆய்வகத்தில் அழுக்கு. இதை நஸ்ரினுக்கு மட்டும் எழுதியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவளுடைய துறைத் தலைவருக்கும் ஒரு நகல் போட்டுவிட்டார். துறைத் தலைவர் அவளைக் கூப்பிட்டு, வெளிநாட்டுக்காரரே சுத்தமில்லை என்று எழுதியிருக்கிறார், அடுத்த வருஷம் உங்களை எடுப்பதைப் பற்றி யோசிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அதற்கு மேல் துரை என்னிடம் இந்தப் பெட்டியை நீட்டினார். "லீவுக்கு அந்த ஊருக்குத்தானே போகிறாய்? மீனை எடுத்து வந்துவிடு. நாம் இங்கே சுத்தமாகச் செய்துகொள்ளலாம். பெயரையும் நாமே வைக்கலாம்." அனுமதி இல்லாமல் நம் நாட்டு உயிரினத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்றேன். சூட்கேஸை யார் பார்க்கப்போகிறார்கள் என்றார். என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கையெழுத்தும் அவருடையதுதான். அதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஆட்டோ காவிரிப் பாலத்தில் நின்று நின்று நகர்ந்தது. கார்த்திகை மாதம், ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போனது. நான் முசிறிப் பக்கத்து வாழைத்தோட்டக் குடும்பம், கணவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீடு. கல்யாணமான புதிதில் மாமியார் என்னோடு பேசவே இல்லை. இப்போது மகனை விட என்னிடம்தான் அதிகம் பேசுகிறார். ஆனால் சில விஷயங்களில் அவர் இம்மியும் நகர மாட்டார்.

"வாம்மா செல்வி. மொதல்ல தீர்த்தமாடிட்டு வந்துடு, தளிகை ஆயிடுத்து" என்றவர் பெட்டியைப் பார்த்தார். "அது என்னது?"

"மீன் வைக்கிற பெட்டிம்மா. காலிதான்."

"காலியா இருந்தாலும் அது பால்கனியிலேயே இருக்கட்டும். ஆத்துக்குள்ள வரப்படாது."

பெட்டி பால்கனிக்குப் போனது. எனக்குச் சுடச்சுட சாத்தமுது என்கிற ரசமும் கத்தரிக்காய் கறியமுதும் கிடைத்தன. நார்வேயில் மத்தியானச் சாப்பாடு என்றால் இரண்டு துண்டு ஆறிப்போன ரொட்டி, மேலே ஒரு சீவல் பாலாடைக்கட்டி. அதையும் யாரும் யாரோடும் பேசாமல் சாப்பிட்டு முடிப்பார்கள். இங்கே நான் தட்டில் கை வைக்குமுன் மூன்று குடும்பத்து விவாகரத்து விவரங்கள் காதில் விழுந்துவிட்டன.

மறுநாள் காலை பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். அது வழியில் நின்றுபோய், மாணவர்களோடு நானும் இறங்கித் தள்ளினேன். நார்வேயில் பஸ் கொஞ்சம் தாமதமானாலே பலகையில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே கண்டக்டர், "ஆபீஸ்ல லேட்டுன்னா என் பேரச் சொல்லுங்கம்மா" என்றார். பேரைச் சொல்லாமலேயே போய்விட்டார்.

நஸ்ரின் ஆய்வகத்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"வாடி, துரையோட தூதுவரே. பெட்டி எங்க?"

"பால்கனியில."

"அங்கயே கெடக்கட்டும். மீன் இங்கேருந்து நகராது, சொல்லிட்டேன்."

"நான் எடுத்துட்டுப் போக வரலடி."

"அப்ப எதுக்கு வந்த?"

"சண்டை போட வந்தேன். யாரோடன்னுதான் இன்னும் தெரியல. மொதல்ல மீனைக் காட்டு."

ஸ்பிரிட் நிரம்பிய கண்ணாடி ஜாடியில் தலைகீழாகக் கிடந்தது மீன். தோல் சுருங்கி, உப்பில் கிடந்த நாரத்தங்காய் மாதிரி இருந்தது. அதையும் துரை என்னிடம் குறை சொல்லியிருந்தார். ஃபார்மலினில் போட்டிருந்தால் மீன் உருக்குலையாமல் இருந்திருக்கும், இது கூடத் தெரியவில்லையே என்று.

"ஃபார்மலின்ல போட்டா அழகாத்தான் இருக்கும்" என்றாள் நஸ்ரின். "அப்புறம் டி.என்.ஏ.வ எங்க போயி தேடறது? எல்லாம் செதஞ்சு போயிடும். நான் என்ன, ஷோகேஸ்ல வைக்கவா பிடிச்சுட்டு வந்தேன்?"

நெற்றிக் குமிழை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தோம். கிழிந்த தோல் என்றால் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கவேண்டும். இந்த இழைகள் இரண்டும் நுனி வரை வழுவழுப்பாக, நுனியில் மட்டும் ஒரே மாதிரி கரும்புள்ளியோடு இருந்தன. வலை கிழித்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவில், ஒரே புள்ளியோடு கிழிக்காது. துரையின் முதல் வரி அங்கேயே விழுந்தது. நானே அதைச் சத்தமாகச் சொன்னேன். நஸ்ரின் சிரிக்கவில்லை.

"ரெண்டாவது வரிதான்டி என் வேலைக்கு உலை வைக்குது" என்றாள்.

லேப்டாப்பில் டி.என்.ஏ. படித்த வரைபடத்தைத் திறந்தாள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வண்ண முகடு இருக்கும். சுத்தமாக இருந்தால் ஓர் இடத்தில் ஒரு முகடுதான் வரும். இதில் சில இடங்களில் இரண்டு முகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. இரண்டு உயிர்களின் டி.என்.ஏ. கலந்திருக்கிறது என்று அர்த்தம். துரை இதைப் பார்த்துத்தான் அழுக்கு என்று எழுதினார்.

"எத்தனை இடத்துல இப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

எண்ணினோம். விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான். எனக்கு அது உறுத்தியது. வேறு மீன் கலந்திருந்தால், அவர்கள் ஆய்வகத்தில் எப்போதும் கிடக்கும் கெண்டையோ அயிரையோ கலந்திருந்தால், வரைபடம் முழுக்க இரட்டை இரட்டையாக வந்திருக்கும். இவ்வளவு கொஞ்ச இடத்தில் மட்டும் மாறுகிறது என்றால், கலந்த மீன் இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு மீன்.

"இதே இனத்துல இன்னொரு மீனா?" என்றாள் நஸ்ரின். "இந்த இனத்துல உலகத்துலயே நம்ம கையில இருக்கறது இது ஒண்ணுதான்டி. திருச்சியில நான் வேற எதைக் கொண்டுபோயி கலக்கறது?"

"சதைய எங்கேருந்து எடுத்த?"

மீனின் வயிற்றுப் பக்கம் ஓர் இடத்தைக் காட்டினாள். அங்கே தோல் கிழிந்து, கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு துண்டு தொங்கியது.

மீனியல்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இடப்பக்கத்தை யாரும் தொடமாட்டோம், அது படம் வரைய. சதை வேண்டுமென்றால் வலப்பக்க விலாவில் வெட்டுவோம். துரை கண்ணை மூடிக்கொண்டும் அங்கேதான் கத்தி வைப்பார். நஸ்ரின் மட்டும் ஏன் வயிற்றில் எடுத்தாள் என்று கேட்டேன்.

"ஏற்கெனவே கிழிஞ்சு கெடந்த எடம். இருக்கறது ஒரே மீனு. அதுக்குப் போயி புதுசா இன்னொரு புண்ணு எதுக்குன்னு தோணுச்சு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தூண்டில் மீன்களில் ஆண் மிகச் சின்னது. சில இனங்களில் அது பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்துக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு விடவே விடாது. தோலோடு தோல் ஒட்டி, இரண்டு ரத்தமும் ஒன்றாகி, ஆணின் கண்ணும் துடுப்பும் சுருங்கி, கடைசியில் அவள் உடம்பில் ஒரு மரு மாதிரித் தொங்கும். முதன்முதலில் பார்த்தவர்கள் அதைக் குட்டி என்றே நினைத்தார்கள். தனியாக அகப்பட்ட ஆண்களுக்கு வேறு இனமென்று வேறு பெயர் வைத்த கதையும் உண்டு. டி.என்.ஏ. வந்த பிறகுதான் எந்தப் புருஷன் எந்தப் பெண்டாட்டிக்கு என்று சேர்த்துவைக்க முடிந்தது.

"நஸ்ரின், இது கிழிஞ்ச தோல் இல்லடி."

"யா அல்லா" என்று அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "பாதி உடம்ப வலை அறுத்துட்டுப் போயிருக்கு. இது அவளோட மாப்பிள்ளை!"

வெட்டிப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளே எலும்பு இருக்கிறதா என்று தெரியவேண்டும். கல்லூரியில் எக்ஸ்ரே கிடையாது. எம்.எஸ்சி.யில் எங்களுக்கு ஜூனியராக இருந்து, பாதியில் விட்டுவிட்டு ரேடியாலஜி படித்த ஜெயந்தி தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டோம். மார்பகப் புற்றுநோய் பார்க்கும் மேமோகிராம் மெஷினில் மயிரிழைகூடத் தெரியும், நாளைக்கு மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போகும்போது வாங்க, அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன் என்றாள். அந்த மகிழ்ச்சியில் நஸ்ரின் வீட்டிலிருந்து வந்த நெய்ச்சோற்றையும் தால்ச்சாவையும் நானே முக்கால்வாசி தின்றுவிட்டேன்.

அடுத்த நாள் ஜாடியை மடியில் வைத்து ஆட்டோவில் ஏறினோம். டிரைவர் மாலை போட்டிருந்தார், கறுப்பு வேட்டி, நெற்றி நிறைய விபூதி. பாலக்கரை தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி விழுந்து எழுந்தபோது ஜாடி தளும்பி, ஸ்பிரிட் என் புடவையிலும் சீட்டிலும் கொட்டியது.

"என்னக்கா வாடை இது?"

"ஸ்பிரிட்டுங்க. மீன் வச்சிருக்கோம்."

"அய்யப்பா! மாலை போட்டவன் வண்டியில மீனும் சரக்குமா?"

அவர் புலம்பிக்கொண்டிருக்கும்போதே புத்தூர் நால்ரோட்டில் போலீஸ் வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் தலையை உள்ளே நீட்டி மூக்கைச் சுளித்தார். டிரைவரிடம் ஊதச் சொன்னார். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கும் மனிதர் கிட்டத்தட்ட அழுதுவிட்டார். நான் ஜாடியின் மூடியைத் திறந்து காட்டினேன். ஊசிப் பற்களோடு வாயைப் பிளந்த முகம் மேலே வந்தது. போலீஸ்காரர் ஓரடி பின்னால் போய், "மூடுங்கம்மா, மூடுங்க, போங்க" என்றார். டிரைவர் போகவில்லை. "மன்னிச்சுக்கங்கக்கா, இனிமே நான் குளிச்சுட்டுதான் வண்டியத் தொடணும்" என்று எங்களை இறக்கிவிட்டு, காசும் வாங்காமல் போய்விட்டார். மீதி தூரம் நடந்தோம்.

ஸ்கேன் சென்டர் வரவேற்பறையில் பெண்கள் கையில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜெயந்தி எங்களை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"பேஷண்ட் பேரு போடாம மெஷின் ஓடாதுக்கா."

"துரையம்மான்னு போடு" என்றாள் நஸ்ரின்.

"வயசு?"

"மொதல்ல இனம் தெரியட்டும், வயச அப்புறம் பார்க்கலாம்."

படம் திரையில் வந்தது. பெரிய மண்டை, பல் வரிசை, தடித்த முதுகெலும்பு, எல்லாம் பெண் மீனுடையது. வயிற்றுக்குக் கீழே அந்தத் தொங்கலுக்குள், கடுகைக் கோத்த மாதிரி இன்னொரு முதுகெலும்பு தெரிந்தது. பாதியில் அறுந்திருந்தது. அதன் முன்முனையில் குட்டித் தாடை இரண்டும் அவள் தோலைக் கவ்வியபடி இருந்தன.

"அக்கா, வயித்துல குழந்தையா?" என்று ஜெயந்தி கேட்டாள்.

"புருஷன்டி! புருஷன்!" என்று நஸ்ரின் கத்திய கத்தல் வரவேற்பறை வரை கேட்டிருக்கவேண்டும். நாங்கள் வெளியே வந்தபோது ஓர் அம்மாள் என் கையைப் பிடித்து, "எல்லாம் சரியாயிடும்மா, கவலைப்படாதீங்க. உங்க வீட்டுக்காரருக்கு எந்த எடத்துல?" என்று கேட்டார். அவரிடம் விளக்கிச் சொல்லிவிட்டு வர ரொம்ப நேரமாயிற்று.

படத்தைத் துரைக்கு அனுப்பிவிட்டு அன்றே அவரோடு வீடியோவில் பேசினோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விழுங்கிய இரையின் எலும்பு வெளியே தள்ளிக்கொண்டிருக்கலாம். படம் டி.என்.ஏ. ஆகாது. அங்கே எடுக்கும் எதையும் நான் நம்பத் தயாராக இல்லை. பெட்டி எங்கே?" என்றார். பிறகு நஸ்ரின் கேட்கிறாள் என்று தெரிந்தே சொன்னார்: "உன் ஒப்பந்தம் மேசை மேல் இருக்கிறது. நல்ல செய்தியோடு கையெழுத்துப் போடவே விரும்புகிறேன்."

எனக்குப் பயமாக இருந்தது. என்னோடு நார்வேயில் இருக்கும் கணவரின் வேலை, வீட்டுக்கடன், விசா எல்லாம் அந்தக் கையெழுத்தில் தொங்குகின்றன. நஸ்ரினின் முகத்தைப் பார்க்காமல் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

மாமியார் எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மீன்தான் வீட்டுக்குள் வரக்கூடாது, மீனின் படம் வரலாம் போலிருக்கிறது.

"இந்தச் சின்னவனுக்குக் கண்ணு எங்க?"

"சுருங்கிடும்மா. இனிமே அவனுக்கு வேணாமே. அவ ரத்தத்துலதான் அவன் உசுரு."

"தனக்குன்னு ஒண்ணுமே வெச்சுக்கலையா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"அப்போ இதுன்னா சரணாகதி" என்று அவர் படத்தைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

நான் அன்று நடந்ததைச் சொன்னேன். பெட்டி, ஒப்பந்தம், எல்லாம். "நானும் அப்படி ஒட்டிக்கிட்டுப் பொழைக்க வேண்டியதுதான் போலருக்கும்மா" என்றேன்.

மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "சரணாகதிங்கறது பெருமாள்ட்ட பண்றது. மனுஷாள்ட்ட யாருடீ பண்ணச் சொன்னா உன்னை?" என்று படத்தை என் கையில் திணித்துவிட்டு விளக்கேற்றப் போனார்.

மறுநாள் காலை நேராகக் கல்லூரிக்குப் போனேன். நஸ்ரினே வெட்டினாள். வலப்பக்க வால் அருகில் ஒரு துளி, ஒட்டிய இடத்தைத் தொடாமல் ஆணின் நுனியிலிருந்து ஒரு துளி. இரண்டுக்கும் தனித்தனிக் கத்தி, தனித்தனிக் கையுறை. கத்தியைத் தீயில் காட்டியபோது, "அழுக்காம், அழுக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னாள். அவற்றை அடைத்த சிமிழ்கள் இரண்டும் டி.என்.ஏ. படிக்கச் சென்னைக்குக் கூரியரில் போயின. முடிவு வர நாலைந்து நாளாகும்.

இடையில் ஒருநாள் முசிறிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். முன்னால் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று சாய்ந்து ரோட்டை அடைத்துக்கொண்டதால் பஸ் நின்றுவிட்டது. பக்கத்து சீட்டில் சந்தைக்குப் போய்த் திரும்பும் தொட்டியத்து அம்மாள் ஒருவர். என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். ஆண் மீன் கதையை முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப வேட்டையாடறது, சோறு போடறது, தூக்கிட்டு அலையறது, எல்லாம் பொம்பளதானா?"

"ஆமாங்க."

"இதப் பார்க்கவா அவ்வளவு ஆழத்துக்குப் போறீங்க? எங்க தெருவுக்கு வாங்க, வீட்டுக்கு ஒண்ணு காட்டறேன்."

பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் ஆண்கள். அண்ணன் வீட்டில் அண்ணி ஆற்றுக் கெண்டையைப் புளி கரைத்துக் குழம்பு வைத்திருந்தார். நான் முள்ளைப் பார்த்து எண்ண ஆரம்பித்ததும், சாப்பிடுறப்பவாச்சும் விடுங்கம்மா என்று திட்டினார்.

முடிவு வந்தபோது நஸ்ரின் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். இரண்டு வரைபடங்கள். இரண்டிலும் ஒரு இடத்தில்கூட இரட்டை முகடு இல்லை. பெண் ஒரு மாதிரி, ஆண் ஒரு மாதிரி. முன்பு எங்கெல்லாம் இரட்டையாக நின்றதோ, சரியாக அந்த இடங்களில் மட்டும் இருவரும் வேறுபட்டார்கள். துரை தானே படித்து வெளியிட்ட பழைய இனத்தின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டோம். அதிலிருந்து இருவருமே வெகுதூரம் விலகி நின்றார்கள். புது இனம். அவள் எழுதிய முதல் நாளிலிருந்தே புது இனம்.

நான் அழுதேன். நஸ்ரின் அழவில்லை, துறைத் தலைவரிடம் போனாள். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "சந்தோஷம்மா. ஆனா அவரு எழுதினத அவருதானே மாத்தணும்" என்றார்.

அதனால் துரையைக் கூப்பிட்டோம். அவர் நீண்ட நேரம் வரைபடங்களைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, "அபாரம்! உடனே எழுதுவோம். பெயருக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. புது இனத்துக்குச் சாட்சியான மூல மீன் பெரிய மியூசியத்தில் இருப்பதுதான் முறை, பெட்டியில் போட்டுக்கொண்டு வா. அந்தப் பெண்ணுக்கு நன்றிப் பகுதியில் ஒரு வரி சேர்ப்போம்" என்றார். அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

என்ன பேசவேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. "கட்டுரையை நஸ்ரின் எழுதுகிறாள். முதல் பெயர் அவளுடையது. டி.என்.ஏ.வை இன்று காலை அவள் பெயரிலேயே உலகம் பார்க்கும் தரவு வங்கியில் ஏற்றிவிட்டோம், நீங்களும் பார்க்கலாம். மீன் இங்கேயே இருக்கும். நீங்கள் அழுக்கு என்று எழுதியது அழுக்கு இல்லை, ஒரு ஆண் மீன். அந்த வரியை அவளுடைய துறைத் தலைவருக்கு எழுதி வாபஸ் வாங்குகிற வரைக்கும் உங்கள் பெயர் கட்டுரையில் எந்த மூலையிலும் வராது" என்றேன்.

"உன் ஒப்பந்தம்..." என்று ஆரம்பித்தார்.

"மேசை மேல்தானே இருக்கிறது? அங்கேயே இருக்கட்டும்."

நஸ்ரின் லேப்டாப்பை மூடினாள். "போச்சுடி உன் வேலை" என்றாள். "போனா முசிறியில வாழை இருக்கு" என்றேன்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் துறைத் தலைவருக்குத் துரையின் கடிதம் வந்தது. மாதிரியில் கலப்படம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், இரண்டாவது டி.என்.ஏ. ஒட்டியிருந்த ஆணுடையது, வேலை சுத்தமாகச் செய்யப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை. நஸ்ரின் அதைப் படித்துவிட்டு, ஜாடிக்குள் கிடந்த சீட்டை வெளியே எடுத்தாள். மீன் எத்தனை என்று எழுதும் இடத்தில் பென்சிலால் ஒன்று என்று இருந்தது. அதை அழித்து இரண்டு என்று எழுதி, மறுபடி ஸ்பிரிட்டில் போட்டாள். அடுத்த வருஷமும் அதே ஆய்வகத்தின் சாவி அவளிடம்தான்.

எனக்கு வந்த கடிதம் வேறு மாதிரி. ஒப்பந்தத்தைப் பற்றி நேரில் பேசலாம், மீனைக் கொண்டு வந்தால் பேசுவது எளிதாக இருக்கும் என்று எழுதியிருந்தார்.

மாமியார் பால்கனியிலிருந்து பெட்டியை அவரே உள்ளே தூக்கி வந்தார். மீன் தொடாத பெட்டிதானே என்று இரண்டு முறை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டு, புளிக்காய்ச்சலும் நாரத்தங்காய் ஊறுகாயும் வடாமும் அதில் அடைத்து, கயிறு போட்டுக் கட்டினார்.

விமான நிலையத்தில் அன்று பார்த்த அதே அதிகாரி நின்றிருந்தார். பெட்டியை அடையாளம் கண்டுகொண்டு, திறக்கச் சொல்லி, நாரத்தங்காய் வாசனையில் கண்ணைச் சுருக்கினார்.

"மீன் எங்கம்மா?"

"அது வராது சார். வேணும்னா கேட்டவரு திருச்சிக்கு வந்து பார்த்துக்கட்டும்."